ஐந்தில் ஒரு பங்கு

கண்காட்சியின் முதல் அறையில் எந்தப் படத்தை வைப்பது என்று நிரஞ்சனி கேட்டபோது மஸாஹிரா யோசிக்கவே இல்லை.

"லாஃபிர் ஹாஜியார்ட கடை" என்றார். "அஞ்சடி அகலம். அதுக்கு முன்னால ஒண்டையும் வைக்க ஓணாம். அங்கதான் நான் படிச்சன்."

நிரஞ்சனி யாழ்ப்பாணத்துப் பெண். பேராதனையில் ஓவியம் படிப்பிக்கிறவள். மஸாஹிராவின் முப்பத்தைந்து வருட வேலையைக் கண்டி நகரத்தில் ஒரு மண்டபத்தின் நான்கு அறைகளில் காட்டவேண்டும் என்று இரண்டு வருடமாக அலைந்து, கடைசியில் திகதியும் வாங்கிவிட்டாள். மூன்று அறைகளுக்குப் படங்கள் தாராளமாக இருந்தன. மாத்தளை வீதிக் கடைகள், கட்டுகஸ்தோட்டைப் பாலம், மழை நாளின் பஸ் நிலையம், கொழும்பிலும் சென்னையிலும் பாராட்டு வாங்கிய பெரிய படங்கள். முதல் அறைதான் வெறுமையாகக் கிடந்தது. ஆரம்ப காலப் படங்களில் சிலவற்றை வழிப்போக்கரான வெள்ளைக்காரர்கள் வாங்கிப் போயிருந்தார்கள். சிலவற்றைக் கறையான் தின்றிருந்தது.

"அது கிடைக்காட்டி அந்த அறையைப் பூட்டத்தான் வேணும் அக்கா" என்றாள் நிரஞ்சனி. "பிறகு பாக்கிற சனம், நீங்கள் நாப்பது வயசில எல்லாம் தெரிஞ்சே பிறந்தனீங்கள் எண்டு நினைக்கும்."

"கிடைக்காம எங்க போக? அவர்ட பிள்ளைகள் மூணு பேரும் எனக்கிட்ட படிச்சவங்க."

கண்காட்சிக்குப் பதினொரு நாள் இருந்தது.

அந்தப் படம் எப்படி உருவானது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1990இல் மஸாஹிராவுக்கு இருபத்தாறு வயது. அக்குறணைப் பாடசாலையில் சித்திர ஆசிரியை. கடதாசியில் நீர்வர்ணம் தீட்டித் தீட்டி அலுத்துப்போய், எண்ணெய் வர்ணத்தில் பெரிதாக ஒன்று செய்ய ஆசைப்பட்டார். அதற்கான துணியைக் கண்டியில் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தார். லாஃபிர் ஹாஜியாரின் புடவைக் கடையில் காடாத் துணி இருந்தது. தடிப்பாக, நெருக்கமாக நெய்தது. "என்னத்துக்கு?" என்று ஹாஜியார் கேட்டார். இவர் சொன்னார். ஹாஜியார் ஐந்தடிக்கும் ஓர மடிப்புக்குமாக அளந்து கிழித்துக் கொடுத்துவிட்டு, "அப்ப என்ட கடயயே போடுங்க. என்னப் போட ஓணாம்" என்றார்.

வெறும் துணியில் எண்ணெய் வர்ணத்தைப் பூச முடியாது. துணி எண்ணெயைக் குடித்துவிடும், வர்ணம் தூளாக உதிரும், சில வருடங்களில் துணியும் உளுத்துப்போகும். ஆகவே முதலில் துணியின் கண்களை அடைக்க வேண்டும். மஸாஹிரா பசையைத் தண்ணீராகக் கரைத்து மூன்று தடவை பூசினார். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு மட்டத்தாளால் தேய்த்தார். அதற்கு மேலே வெள்ளை. கண்டிப் பக்கத்து ஈரத்தில் ஒரு பூச்சுக் காய நான்கு நாள் எடுத்தது. வர்ணம் தீட்டத் தொடங்கு முன்னரே ஒரு மாதம் போய்விட்டது.

பிறகு வீதியின் மறுபக்கம், மருந்துக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்கும் பின்னேர அஸர் தொழுகைக்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலம் மட்டுமே வேலை. அந்த நேரத்தில் வீதியில் கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வெளிச்சம். சூரியன் நகர நகர நிழலும் நகரும். காலையில் தீட்டிய நிழல் பின்னேரத்தில் பொய்யாகிவிடும். நாள்தோறும் ஒரே ஒன்றரை மணித்தியாலத்தை எடுத்துக்கொண்டால் நாற்பது நாள் உட்கார்ந்தாலும் படத்தில் ஒரே பின்னேரம்தான் இருக்கும். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், ஒரு பொம்பிளைக்கு வீதியில் என்ன வேலை என்றார்கள். மஸாஹிரா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அளவு தப்பும்.

படம் முடிந்ததும் ஹாஜியார் அதைக் கடையிலேயே மாட்டினார். ஒன்பது வருடங்களுக்கு முன் அவர் மௌத்தானபோது மஸாஹிரா மைய்யித்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய் வந்தார். அந்த நேரத்தில் படத்தைப் பற்றி யார் கேட்பார்கள்?

அக்குறணையில் ஹாஜியாரின் கடை இப்போது இரண்டு கடைகளாக இருந்தது. நடுவே புதுச் சுவர். இடப்பக்கம் மூத்த மகன் ஜவாஹிர், வலப்பக்கம் இளையவன் ரஸீன். மஸாஹிரா இடப்பக்கம் ஏறினார்.

"அல்லாஹ்வே, டீச்சர்! வாங்க வாங்க. இந்தக் கதிரயில இரிங்க" என்றார் ஜவாஹிர். ஐம்பத்திரண்டு வயது, நல்ல உயரம், தாடி முழுக்க வெள்ளை. "என்ன எடுக்கப் போறீங்க?"

"படத்த எடுக்க வந்தன். ரெண்டு மாசத்துக்கு இரவல்."

"அதுக்கென்ன, அந்தா ஈக்கிது."

அவர் காட்டிய இடத்தில் இரண்டடி அகலத்தில் ஒரு படம் தொங்கியது. வாசலில் நிறுத்தி வைத்த துணிச் சுருள்கள், மேலே விரித்துப் போட்ட சேலைகள். மஸாஹிராவின் கைவேலைதான். சிவப்பு நிழலுக்குள் கொஞ்சம் பச்சையைக் கலக்கும் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது. ஆனால் படம் வலப்பக்கத்தில் சட்டென்று நின்றுவிட்டது, வாசல் படியின் நடுவில்.

"ஜவாஹிர், இது படமில்ல. பாதி கூட இல்ல."

"அஞ்சில ரெண்டு, டீச்சர்" என்று ஜவாஹிர் பணிவாகத் திருத்தினார். "ரஸீனுக்கு ரெண்டு. ஹபீலாக்கு ஒண்டு. ஆம்பிளப் பிள்ளக்கி ரெண்டு பங்கு, பொம்பிளப் பிள்ளக்கி ஒண்டு. மார்க்கப்படி."

மஸாஹிரா கதிரையில் உட்கார்ந்தார்.

"மார்க்கம் படத்த வெட்டச் செல்லிச்சா?"

"செல்லல்ல. மௌலவியும் செல்லல்ல. ஒராள் படத்த எடுங்க, மத்த ரெண்டு பேருக்கும் அதுட பெறுமதியக் குடுங்கண்டுதான் அவர் சென்ன. ஆனா ஒத்தரும் பெறுமதிய எடுக்க மாட்டமெண்டாங்க. மூணு பேருக்கும் படம்தான் ஓணும். நானும் மாட்டன், அவனும் மாட்டான், தங்கச்சியும் மாட்டா. ரெண்டு கிழமயா வீட்டுல சண்ட. பொறகு ரஸீன் அடிக்கோலக் கொண்டு வந்தான். பாத்தா சரியா அஞ்சடி. அஞ்சு பங்கு. அல்லாஹ்வே அளந்து வச்ச மாதிரி."

இதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து ரஸீன் வந்துவிட்டான். கையில் அவனது இரண்டடி.

"டீச்சர், ஏசப் போறீங்களெண்டா என்னயத்தான் ஏசோணும். வெட்டின நான்."

மஸாஹிரா ஏசத்தான் வாயெடுத்தார். ஆனால் ரஸீன் நீட்டிய துண்டின் ஓரம் கண்ணில் பட்டது. காய்ந்த எண்ணெய் வர்ணத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் பொரிந்து, செதில் செதிலாகக் கொட்டும். இது கொட்டவில்லை. நூல் பிடித்ததுபோல ஓடியது.

"எப்பிடி வெட்டின?"

"பின்பக்கத்தால. சோக்குக் கட்டியால கோடு போட்டு, வெயில்ல கொஞ்ச நேரம் வச்சு இளக்கிட்டு, பிளேட்டால. துணி வெட்டுறதுதானே டீச்சர் எங்கட தொழில்."

"துணிதான்" என்றார் மஸாஹிரா. "உங்கட வாப்பா கிழிச்சுத் தந்த துணி." கோபம் போய்விடவில்லை. ஆனால் அதோடு ஒரு மதிப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. தன் படம் ஒன்றை மூன்று பேர் விட்டுக்கொடுக்க மறுத்துச் சண்டை பிடித்தார்கள் என்பதை நினைக்கச் சிரிப்பும் வரப் பார்த்தது.

"ஆனா டீச்சர், கோவிக்கப்படாது" என்றான் ரஸீன். "என்ட துண்டுல துணி அடுக்கிற ராக்கையெல்லாம் சரிஞ்சு ஈக்கிது. மேல்தட்டு கீழ எறங்குது, கீழ்த்தட்டு மேல ஏறுது. வாறவங்க எல்லாம் படம் கோணல் எண்டு பிடிச்சு நேராக்கிட்டுப் போறாங்க."

"என்டதும் அப்பிடித்தான்" என்றார் ஜவாஹிர்.

"கோணல் படத்துல இல்ல" என்றார் மஸாஹிரா. "ரெண்டயும் வேன்ல ஏத்துங்க. ஹபீலா வீட்டுக்குப் போவம்."

ஹபீலா அலவத்துகொடையில் இருந்தாள். நாற்பத்தொரு வயது, கணித ஆசிரியை. அவள் வீட்டு முன்னறையில் வேறு படமே இல்லை. ஓரடி அகலத்தில் அந்தத் துண்டு மட்டும் தனியே தொங்கியது: காவிநிறச் சுவர், பாதி திறந்த பின்கதவு, கதவுக்கு வெளியே வெளிச்சம்.

அவள் தேத்தண்ணி கொடுத்தாள், கேட்டாள், பிறகு அமைதியாகச் சொன்னாள். "தர ஏலாது டீச்சர்."

"ஏன்டி?" என்றார் ஜவாஹிர்.

ஹபீலா அண்ணன் பக்கம் திரும்பினாள். "நானா, நீங்க பேச ஓணாம். அண்டைக்கி எனக்கு இந்தப் பக்கம்தான் எண்டு முடிவெடுத்தது ஆரு? கடயோட சாமானெல்லாம் உங்க ரெண்டு பேருக்கும். சேல உங்களுக்கு, ராக்கை அவனுக்கு. சாமானே இல்லாத சுவரும் ஒரு கதவும் எனக்கு. நான் ஒண்டும் செல்லல்ல, கொண்டு வந்து மாட்டினன். இப்ப ஒம்பது வருசமா இது எனக்கு முழுப் படம். கண்டிக்குக் கொண்டு போய் உங்கடதோட சேத்து வச்சா, இது என்ன? ஓரம். ஆக்கள் சேலயப் பாப்பாங்க. இதப் பாக்காமலே அடுத்த அறைக்குப் போவாங்க."

மஸாஹிராவுக்குத் தன் பதினொரு நாட்களில் ஒன்று இங்கேயே கழியப் போவது தெரிந்தது. கெஞ்சுவது அவருக்கு வராது. தெரிந்ததை விளக்குவது வரும்.

"ஹபீலா, தையல் நூல் ஈக்கா? கறுப்பு."

மூன்று துண்டுகளின் வெளிச்சட்டங்களையும் கழற்றி, நிலத்தில் பாய் விரித்து, பக்கத்தில் பக்கமாக ஒட்டி வைத்தார்கள். மஸாஹிரா முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"ரெயில் பாதயப் பாத்திருப்பீங்க. ரெண்டு தண்டவாளமும் தூரத்துல போய் ஒண்டாச் சேருற மாதிரித் தெரியும். உண்மையில சேராது. ஆனா கண்ணுக்குச் சேரும். கடைக்குள்ளயும் அப்பிடித்தான். என்னில இருந்து விலகிப் போற கோடெல்லாம், ராக்கையிட மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, முகட்டுப் பலகை, எல்லாம் ஒரே புள்ளிய நோக்கித்தான் ஓடோணும். கண்ணுக்கு மேல ஈக்கிறது எறங்கி ஓடும். கீழ ஈக்கிறது ஏறி ஓடும். ரஸீன், உன்ட ராக்கை சரிஞ்சு ஈக்கல்ல. எங்கயோ போய்க்கொண்டு ஈக்கிது. எங்கயெண்டு பாரு."

ஜவாஹிரின் துண்டில் சேலை தொங்கிய கம்புகள் ஒவ்வொன்றின் மீதும் ஒரு நூலைப் பிடித்து, அதே திசையில் இழுத்து மற்றத் துண்டுகளின் மீது நீட்டினார். ரஸீனின் ராக்கைகள் ஒவ்வொன்றிலும், காசு போடும் லாச்சி மேசையின் விளிம்பிலும் ஒரு நூல். ஹபீலாவின் சுவரின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒவ்வொரு நூல். ஒன்பது நூல்கள். அவற்றின் நுனிகள் ஹபீலாவின் துண்டுக்குள் போய் நின்றன. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. மூன்று இடத்தில்.

ஹபீலா குனிந்து பார்த்தாள். "டீச்சர், நான் கணக்குப் படிச்சுக் குடுக்கிறவ. இது மூணு புள்ளி."

"மூணுதான்" என்றார் மஸாஹிரா. அவர் முகம் மாறவில்லை. மூன்று இடங்களுக்கும் இடையிலான தூரத்தை விரலால் அளந்தார். இரண்டு அங்குலம். மறுபடியும் இரண்டு அங்குலம். "ரஸீன், சட்டத்துல ஆணி அடிக்க ஓரத்த எவ்வளவு மடிச்ச?"

"ஒரு இஞ்சி. ஒவ்வொரு ஓரத்துலயும்."

"அப்ப ஒரு வெட்டுல ரெண்டு இஞ்சி பின்னால மறைஞ்சு கிடக்குது. நாங்க படத்த நெருக்கி வச்சிட்டம். எல்லாக் கோடும் அந்தளவு வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கும். தள்ளி வைங்க. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல சரியா ரெண்டு இஞ்சி."

சகோதரர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தினார்கள். துணிக்கடைக்காரர்களுக்கு இரண்டு அங்குலத்தைக் கண்ணாலேயே அளக்கத் தெரியும். மஸாஹிரா நூல்களை மறுபடி இழுத்தார். இம்முறை ஒவ்வொன்றாகப் போய், பாதி திறந்த கதவில், தாழ்ப்பாளுக்கு ஒரு விரற்கடை மேலே, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன.

ரஸீன், "யா அல்லாஹ், என்ட ராக்கையெல்லாம் இவட வீட்டுக்கா போகுது?" என்றான்.

ஹபீலா சிரிக்கவில்லை. ஒவ்வொரு நூலாகத் தொட்டு எண்ணினாள். "எட்டுத்தான் சேருது. இந்த ஒண்டு சேரல்ல. லாச்சி மேசயிட கோடு. ஒரு இஞ்சி கீழ போகுது."

மஸாஹிரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். உண்மைதான். மேசையின் விளிம்பு எல்லாக் கோடுகளையும் விட்டு விலகித் தன்பாட்டில் போனது. முப்பத்தைந்து வருடமாக அவருக்கே அது தெரியாது.

"அது பிழை" என்றார். "மேசயக் கடைசியா வரஞ்ச. அளக்காமக் கண்ணால போட்டிருப்பன். எனக்கு இருபத்தாறு வயசு, அப்பவே எல்லாம் தெரியுமெண்டு நினைப்பு."

ஹபீலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வேற ஆராவதா இருந்தா, மேசய அப்பிடித்தான் போடோணுமெண்டு செல்லியிருப்பாங்க."

"அப்பிடிச் செல்லுறவங்கட மத்த எட்டு நூலயும் நீ நம்புவியா?"

ஹபீலா நெடுநேரம் பாயைச் சுற்றி நடந்தாள். ஜவாஹிர் வாயைத் திறந்தார்; ரஸீன் முழங்கையால் இடித்து மூடினான். கடைசியில் அவள் தன் துண்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப இது இல்லாட்டி அவங்கட ரெண்டும் கோணல்."

"கோணல்தான். ஆனா அதுகள் இல்லாமலும் உன்ட கதவு நிக்கும். ஒம்பது வருசமா நிண்டிச்சே."

"தாறன்" என்றாள் ஹபீலா. "ஆனா தைக்கப்படாது, ஒட்டப்படாது. முடிஞ்சா என்ட பங்கு என்ட வீட்டுக்கு."

தைக்கும் யோசனை நிரஞ்சனியிடம் இருந்தது. பழைய துணி ஓவியங்களைப் பழுதுபார்க்கிற ஒருவரை, படம் துண்டான செய்தி கேட்டதுமே கொழும்பில் பேசியும் வைத்திருந்தாள். மூன்று துண்டுகளையும் மண்டபத்தில் இறக்கியபோது, "கோடு தெரியாமல் சேர்த்துத் தருவினம் அக்கா" என்றாள்.

"ஓணாம். ரெண்டு இஞ்சி இடைவெளி விட்டே மாட்டுவம். கண் அதத் தானா நிரப்பிக்கொள்ளும். இது கடையிட படமா இருந்திச்சு, இப்ப ஒரு வீட்டுட படமாயும் ஆயிட்டு. வெட்டின நாளயும் கீழ எழுது."

நிரஞ்சனி குறிப்பட்டையில் எழுதினாள்: காடாத் துணியில் எண்ணெய் வர்ணம், 1990. குடும்பத்தில் மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டது, 2016. மேசையின் பிழையையும் எழுதுவதா என்று கேட்டாள். "ஒரு பிழை ஈக்கிதெண்டு மட்டும் எழுதுங்க" என்று தன் துண்டோடு கூடவே வந்திருந்த ஹபீலா சொன்னாள். "பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்."

மாட்டும் நாளில் மூன்று பேரும் வந்திருந்தார்கள். கடைகளைப் பகலில் பூட்டிவிட்டு இரண்டு முதலாளிமாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றது அக்குறணையில் பலருக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்திருக்கும். நிரஞ்சனி அளவு நாடாவோடு வந்தாள்.

"படத்தின்ர நடு, நிலத்திலயிருந்து ஐந்தடியில வரவேணும். மற்ற எல்லா அறையிலும் அப்பிடித்தான் மாட்டியிருக்கிறம்."

"மத்தப் படங்களுக்குச் சரி" என்றார் மஸாஹிரா. "இதுக்கு நடுவ விடு, புள்ளியப் பாரு. அந்தப் புள்ளி என்ட கண்ணுட உயரத்துல ஈக்கிது. கோடெல்லாம் சேருற இடம் எப்பவும் வரையிறவட கண் மட்டத்துலதான் வரும். பாக்கிறவட கண்ணும் அதே மட்டத்துல வந்தாத்தான் கட திறந்து உள்ள கூப்பிடும். இல்லாட்டி அது வெறும் சுவர்ப் படம்."

"ஆரின்ர கண் அக்கா? வாற ஆக்கள் எல்லாரும் ஒரே உயரமே?"

"இல்லதான். ஆரோ ஒராள எடுக்கோணும்."

ஜவாஹிர் உடனே சுவருக்கு முன் போய் நிமிர்ந்து நின்றார். மூத்தவர், எல்லாரையும்விட உயரம்.

"அங்கால போங்க ஜவாஹிர்" என்றார் மஸாஹிரா. "ஹபீலா, நீ வா. செருப்பக் கழட்டிட்டு நில்லு."

ஹபீலா சுவரோடு சேர்ந்து நின்றாள். மஸாஹிரா அவளது கண்ணுக்கு நேரே பென்சிலால் ஒரு சிறு கோடு கீறினார். ஓரடித் துண்டு முதலில் ஏறியது, தாழ்ப்பாளுக்கு ஒரு விரற்கடை மேல் உள்ள இடம் அந்தக் கோட்டில் வரும்படி. ஹபீலா பின்னால் நகர்ந்து அறையின் நடுவில் நின்றுகொண்டாள். பிறகு ரஸீனின் துண்டு, அதன் பிறகு ஜவாஹிரின் துண்டு.

"இன்னம் மேல, நானா. இன்னம். இல்ல, கூடிப் போச்சு. எறக்குங்க."

"கையிழுக்குதுடி."

"ராக்கை சேரல்ல. கொஞ்சம் எறக்குங்கண்டேன். ஆ, அங்க. அசையாதீங்க."

நிரஞ்சனி ஆணியடித்தாள். ஜவாஹிர் கையை உதறிக்கொண்டு தங்கையின் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். தலையைச் சாய்த்தார். இந்தப் பக்கம் நகர்ந்தார்.

"எனக்கு இன்னம் கோணலாத்தானே தெரியுது."

"குனிஞ்சு பாருங்க" என்றாள் ஹபீலா.

ஜவாஹிர் முழங்காலை மடித்து, தங்கையின் தோள் உயரத்துக்குத் தலையைக் கொண்டுவந்தார். அப்படியே அசையாமல் நின்றார். ரஸீனும் வந்து மற்றப் பக்கத்தில் குனிந்தான். மஸாஹிரா அவர்களை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டாவது அறையில் ஒரு படம் அரை அங்குலம் சாய்ந்திருப்பதை நேராக்கப் போனார்.